குதிரையும் காச்சிலும்: மாதவிடாய் நிற்கும் பருவம் – கேள்வி பதில்

முப்பது வருஷம் ஸ்டாஃப் நர்ஸ். பாதிக்கு மேல் பெண்கள் ஓ.பி.யில்தான். மருந்துச் சீட்டு எழுத மாட்டேன். டாக்டர்கிட்ட என்ன கேட்கணும்னு சொல்லித் தருவேன். கேளுங்க.

குலசேகரம், வயது 48: சிஸ்டர், ரப்பர் பால் வெட்டப் போறவ நான். விடிய நாலு மணிக்கு எழும்பும்போதே நைட்டி தொப்பலா நனைஞ்சு கெடக்கு. நெஞ்சிலேருந்து தலைக்குச் சூடு கேறுது. தீட்டு நின்னு 14 மாசம். ஹார்மோன் மாத்திரைன்னா பயம். உளுந்தங்களி போதுமா?

மக்களே, 12 மாசம் முழுசா வராம இருந்தாலே நின்னுட்டுன்னு கணக்கு. சினைப்பை ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோனைச் சுரக்கிறதைக் குறைச்சதும், மூளையில் உடம்புச் சூட்டைக் காவல் காக்கிற இடம் தொட்டதுக்கெல்லாம் பதறும். லேசா சூடு ஏறினாலே தோல் ரத்தக்குழாயைத் திறந்துவிட்டு வேர்க்க வைக்கும். நடுராத்திரி உங்களை எழுப்புறது அதுதான்.

உளுந்தங்களி நல்ல சாப்பாடு. வயசுக்கு வந்தப்போ அம்மா தந்தா, இப்பவும் தின்னுங்க. ஆனா இந்தச் சூட்டை அது நிறுத்தாது. கட்டஞ்சாயாவை, அதான் பால் விடாத டீயை, குறைச்சுப் பாருங்க, சிலருக்கு அதுவே கிளப்பிவிடும்.

இதை நல்லா அடக்குறது ஹார்மோன் சிகிச்சைதான். சூடு வர்ற தடவை முக்கால்வாசி குறையும். 60 வயசுக்குள்ள, இல்லேன்னா நின்னு பத்து வருஷத்துக்குள்ள ஆரம்பிச்சா, பெரும்பாலானவங்களுக்கு நஷ்டத்தைவிட லாபம் கூடுதல். உங்களுக்கு ரெண்டும் பொருந்துது. பிரஷர், மார்பகப் பரிசோதனை பார்த்துட்டுப் போங்க. கர்ப்பப்பை இருக்கிறதால ஈஸ்ட்ரோஜனோட புரோஜெஸ்டிரோன்ங்கிற இன்னொரு ஹார்மோனும் வேணும். தனி ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உள்சவ்வைத் தடிக்க வச்சு, புற்றுவரைக்கும் கொண்டுபோகும்.

பயம் எங்கேருந்து வந்துதுன்னும் சொல்றேன். 2002-ல அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒண்ணுல, ரெண்டு ஹார்மோன் சேர்ந்த மாத்திரை தின்ன கூட்டத்தைப் பாதியிலேயே நிறுத்தினாங்க. மார்பகப் புற்று வருஷத்துக்கு 10,000 பேரில் 8 பேருக்குக் கூடுதலா வந்தது. அது உண்மைதான். ஆனா அதில் சேர்ந்தவங்களோட சராசரி வயசு 63. உங்களுக்கு 48. தலைப்பு மட்டும் ஊரெல்லாம் பரவிச்சு, வயசு பரவல.

தக்கலை, 52: கர்ப்பப்பையை எடுத்தாச்சு. எனக்கு ஈஸ்ட்ரோஜன் ஜெல் மட்டும்தான் தந்தாங்க. பக்கத்து வீட்டு மைனிக்கு ரெண்டு மருந்து. எனக்கு ஒண்ணை விட்டுட்டாங்களா?

விடலை. மைனியோட ரெண்டாவது மருந்து கர்ப்பப்பையைக் காவல் காக்கத்தான். உங்களுக்குக் கர்ப்பப்பையே இல்லையே. தோல்ல தடவுற ஜெல்லுக்கு, மாத்திரை மாதிரி ரத்தம் கட்டுற ஆபத்தும் கூடுறதில்லை.

கருங்கல், 55: நின்னு மூணு வருஷம். போன வாரம் லேசா கறை பட்டுது. சூடு பிடிச்சிருக்கும், மோர் குடின்னு மாமியார் சொல்றாங்க.

மோர் குடிங்க, குடிச்சிட்டு பஸ் ஏறுங்க. நின்னு ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒரு சொட்டு பட்டாலும் டாக்டரைப் பார்க்கணும். ஸ்கேன்ல உள்சவ்வு தடிமன் பார்ப்பாங்க, தேவைன்னா சதை எடுத்துச் சோதிப்பாங்க. பெரும்பாலும் சாதாரணமாத்தான் இருக்கும். ஆனா கர்ப்பப்பைப் புற்று முதல்ல காட்டுற அடையாளமும் இதே கறைதான். சீக்கிரம் பிடிச்சா குணமாகும். மோர் குடிச்சுக் காத்திருந்து வந்தவங்களை நான் வார்டுல பார்த்திருக்கேன்.

மார்த்தாண்டம், வைத்தியர்: சிஸ்டர் சொல்லாம விட்டதை நான் சொல்றேன். அந்த மாத்திரை குதிரை மூத்திரம்! நம்ம பெண்களுக்கு எதுக்கு அது?

வாங்க அண்ணே. பாதி சரி. 2002 ஆய்வில் தந்த ஈஸ்ட்ரோஜன் சினைக் குதிரையின் மூத்திரத்திலேருந்து எடுத்ததுதான். அப்போ அது சுத்த இயற்கைதானே? தக்கலை அக்கா தடவுற ஜெல்லில் இருக்கிற எஸ்ட்ராடையால்ங்கிற ஈஸ்ட்ரோஜன், சோயாவிலோ காட்டுக் கிழங்கிலோ எடுத்த பொருளை ஆய்வகத்தில் மாத்திச் செய்றது. நம்ம சினைப்பையில் சுரக்கிறதும் இதுவும் ஒண்ணேதான். இதைச் செயற்கைன்னு ஒதுக்குறீங்க. எது இயற்கைன்னு நீங்களே சொல்லுங்க.

அருமனை, 50: கிழங்கா? அப்போ வீட்டுக் காச்சில் கிழங்கு தின்னா போதுமா சிஸ்டர்?

சிரிச்சுட்டேன் பிள்ளே, ஆனா நல்ல கேள்வி. காச்சிலும், நான் மேலே சொன்ன காட்டுக் கிழங்கும் ஒரே பேரினம். அது மெக்சிகோவில் விளையுறது. 1940-கள்ல ரசல் மார்க்கர்னு ஒரு வேதியியலாளர் அந்தக் கிழங்கில் இருந்த டயோஸ்ஜெனின்ங்கிற பொருளை வச்சு புரோஜெஸ்டிரோன் செஞ்சார். ஆனா அந்த மாத்தத்தை நம்ம குடல் செய்யாது, குப்பியில்தான் நடக்கும். காச்சிலை அவிச்சு, காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியோட தின்னுங்க, ருசிக்காக.

மார்த்தாண்டம், வைத்தியர்: தண்ணீர்விட்டான் கிழங்கு? பாட்டன் காலத்து மருந்து. அதையும் சிரிச்சுத் தள்ளுவீங்களா? நீங்க இங்கிலீஷ் மருந்துக்கு ஏஜென்டா?

தள்ளலை அண்ணே. சின்னச் சின்ன ஆய்வுகள் இருக்கு, உறுதி கொடுக்க அது போதாதுன்னுதான் சொல்றேன். சோயாவும் அப்படித்தான்: சிலருக்குக் கொஞ்சம் கேட்கும். பிளாக் கோஹோஷ்னு டப்பாவில் வர்ற அமெரிக்க வேர் மருந்து கல்லீரலைக் கெடுத்த சம்பவங்கள் பதிவாகியிருக்கு. வேருன்னா தீங்கில்லைன்னு யாரும் நினைக்க வேண்டாம்.

என் பயம் கிழங்கு மேல இல்லை, லேபிள் இல்லாத பொடி மேல. பற்பம், செந்தூரம்னு உலோகம் சேர்ந்தது எது, யார் செஞ்சதுன்னு தெரியாம வாயில போடக் கூடாது. சித்தா, ஆயுர்வேதம் வேணும்னா பதிவு பெற்ற வைத்தியர்கிட்ட போங்க. கோட்டாறில் அரசு ஆயுர்வேத ஆஸ்பத்திரியே இருக்கு. என்ன தின்னுறீங்கன்னு ரெண்டு பக்கமும் சொல்லுங்க.

ஏஜென்டான்னு கேட்டதுக்கு: எனக்கு 47-ல நின்னது. நாலு வருஷம் ஜெல் தடவினேன், உளுந்தங்கஞ்சியும் குடிச்சேன். எது வேலை செஞ்சுதுன்னு ஜெல் தீர்ந்த வாரம் எனக்கே தெரிஞ்சுது.

முட்டம், 60: வெளியே சொல்ல வெட்கமா இருக்கு. அங்கே வறட்சி, எரிச்சல். இந்த வருஷம் மூணு தடவை மூத்திரத்தில் கிருமி.

வெட்கப்படாதீங்க அக்கா, ஓ.பி.யில் பாதிப் பேருக்கு இதுதான், மத்த பாதி சொல்லலை. உள்ளே வைக்கிற ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கு. ரத்தத்தில் கலக்கிறது மிகக் கொஞ்சம். மூத்திரக் கிருமி திரும்பத் திரும்ப வர்றதும் குறையும். 60 வயசு தடையில்லை.

திங்கள்சந்தை, 49: ஹார்மோன் எடுத்தா கேன்சர் வருமா?

குலசேகரம் பதிலைப் படிங்க.

குளச்சல், 44: எனக்கு மார்பகப் புற்று வந்து இப்போ டமாக்சிஃபன் மாத்திரை. வேர்த்துக் கொட்டுது.

உங்களுக்கு ஹார்மோன் மாத்திரை வேண்டாம்; தண்ணீர்விட்டான் பொடியும் கேட்காம வேண்டாம். ஹார்மோன் இல்லாத மருந்துகள் இருக்கு, புற்று டாக்டர்கிட்ட கேளுங்க. மனச்சோர்வு மாத்திரைகளில் சில சூட்டைக் குறைக்கும், ஆனா பராக்செட்டின் மாதிரி சிலது டமாக்சிஃபன் வேலையையே கெடுக்கும். அடுத்தவங்க மாத்திரையை வாங்கித் தின்னக் கூடாது.

பூதப்பாண்டி, 41: அஞ்சு மாசமா வரலை. ஹார்மோன் ஆரம்பிக்கலாமா?

முதல்ல கர்ப்பப் பரிசோதனை. பிறகு தைராய்டு. பிறகு பேசலாம். ஹார்மோன் சிகிச்சை கருத்தடை இல்லை.

நாகர்கோவில், ஒரு கணவர்: வீட்டில் எதுக்கெடுத்தாலும் கோபம்.

ராத்திரி நாலு தடவை நனைஞ்சு எழும்பினா உங்களுக்கும் வரும். காலைச் சாயாவை நீங்க போடுங்க.

இரணியல், 51: எலும்புக்கு?

முள்ளோட தின்னுற நெத்திலி, கேழ்வரகு, பால், நடை. வைட்டமின் டி பாருங்க.

தொலையாவட்டம், 50: கேன்சர் வருமா சிஸ்டர்?

மேலே. மேலே.

மேல்புறம், 57: நின்னு ரெண்டு வருஷம். நேத்து லேசா ஒரு கறை. உஷ்ணமா இருக்குமோ?

கருங்கல்காரிக்கு எழுதினதுதான் உங்களுக்கும். இன்னிக்கு ஞாயிறு. நாளை காலையில் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் பெண்கள் ஓ.பி. வரிசையில் நில்லுங்க, ஆதார் மறக்காதீங்க. வைத்தியர் அண்ணன் இன்னும் ஏதோ எழுதிட்டிருக்கார். அதுக்கு அடுத்த ஞாயிறு. நீங்க நாளைக்கு.