வீட்ல நாலு பேருக்கும் காலைல தலைவலி, மூளைக்கட்டியா டாக்டர்?

மூளைல கட்டி ஒரே வீட்ல நாலு பேருக்கு ஒரே வாரத்துல வராது தங்கச்சி. முதல்ல அந்த பயத்த விடுங்க. கோயம்புத்தூர் போய் ஸ்கேன் எடுக்க கம்மல அடகு வைக்கலாமான்னு கேட்டிருக்கீங்க, வைக்காதீங்க. ஆனா உங்க லெட்டர்ல நீங்க பயப்படாம போற போக்குல எழுதின ஒரு வரி இருக்கு, அதப் படிச்சுத்தான் நான் பயந்தேன், அதனாலதான் இந்த பதில் வர்றவரைக்கும் காத்திருக்காம நீங்க குடுத்த நம்பர்ல கூப்பிட்டு பேசினேன். உங்கள மாதிரி கோத்தகிரி, குன்னூர், கூடலூர்னு தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகள்ல, அதாவது தொழிலாளர்களுக்கு வரிசையா கட்டின வீடுகள்ல, இருக்கற மத்தவங்களும் படிக்கணும்னுதான் இப்ப விவரமா எழுதறேன்.

அந்த வரி இதுதான். "வீட்டுக்காரருக்கு ஃபேக்டரில நைட் ஷிஃப்ட், அவருக்கு மட்டும் ஒண்ணும் இல்ல, லீவு அன்னிக்கு வீட்ல படுத்தா அவருக்கும் தலை கனக்குது." அதோட மார்கழி பிறந்ததுல இருந்துதான் இப்படி, மாமியாருக்கும் மாசமா இருக்கற நாத்தனாருக்கும் அதே தலைசுத்தல், மூணு வயசு பையன் எழுப்பினா எந்திரிக்காம சுருண்டு சுருண்டு விழறான், பத்து மணி போல கொழுந்து பறிக்க நிக்கறப்ப எல்லாம் தானா சரியாயிடுது, யாருக்கும் காய்ச்சல் இல்ல. இதெல்லாத்தையும் சேர்த்துப் பாருங்க, வியாதி உங்க தலைல இல்ல, நீங்க படுக்கற அறைல இருக்கு.

குளிருக்கு ராத்திரி இரும்புச் சட்டில தணல் அள்ளி உள்ள வச்சுட்டு கதவிடுக்குல சாக்கு திணிச்சு படுக்கறீங்க. புகை போன அப்புறம் கங்கு மட்டும்தான் உள்ள கொண்டு வர்றோம்னு வேற எழுதியிருக்கீங்க. புகை இல்லன்னா ஆபத்து இல்லன்னு நினைக்கறதுதான் இதுல பெரிய தப்பு. புகைஞ்சாலாவது கண்ணு எரியும், இருமல் வரும், எந்திரிச்சு கதவத் திறப்பீங்க. சிவப்பா கனிஞ்சு கெடக்கற கங்குல இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுங்கற விஷவாயுவுக்கு நிறமும் கெடையாது, மணமும் கெடையாது. அது ரத்தத்துல ஆக்சிஜன சுமக்கற ஹீமோகுளோபினோட, ஆக்சிஜன விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும், ஆக்சிஜனுக்கு எடம் இல்லாம போயிடும். வெளிய நல்ல காத்துல நின்னா அது பாதியா இறங்கவே நாலஞ்சு மணி நேரம் ஆகும், நீங்க பத்து மணிக்கு சரியாகறதுக்கு அதுதான் காரணம், செட் மாத்திரை இல்ல.

செட் மாத்திரைய பத்தி சொல்லிடறேன். மெடிக்கல்ல பேர் எழுதாத கவர்ல போட்டுத் தர்ற அந்த நாலு மாத்திரைய பதினஞ்சு நாளா சாப்பிட்டிருக்கீங்க, நாத்தனாருக்கும் குடுத்திருக்கீங்க. வயித்துல ஆறு மாசக் குழந்தையோட இருக்கற பொண்ணுக்கு என்னன்னே தெரியாத மாத்திரைய குடுக்கலாமாம்மா? அதுல வலி மாத்திரை இருக்கும், சில கடைல ஸ்டீராய்டும் இருக்கும். உடனே நிறுத்துங்க, மிச்சம் இருக்கறத கவரோட எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க.

பக்கத்து வீட்ல கொரோனா சமயத்துல வாங்கின ஆக்சிமீட்டர வச்சுப் பாத்தோம், 98 காட்டுச்சு, அப்ப காத்துப் பிரச்சனை இல்லதானேன்னு கேட்டிருக்கீங்க. இந்த விஷயத்துல அந்த மெஷினே ஏமாந்து போகும். ஹீமோகுளோபின்ல ஒட்டியிருக்கறது ஆக்சிஜனா மோனாக்சைடான்னு அதுக்கு பிரிச்சுப் பாக்கத் தெரியாது, சாகக் கெடக்கறவங்களுக்கும் 98 காட்டும். சட்டி பக்கத்துல குண்டால தண்ணி வச்சா விஷத்த இழுத்துக்கும்னு யூடியூப்ல சொன்னதும் பொய்தான்.

நான் மலைல வேலைக்கு சேர்ந்த முதல் வருஷம், ஒரு தை மாசம், அம்மாவும் பொண்ணும் காலைல தலைவலி வாந்தின்னு வந்தாங்க. ராத்திரி என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டேன், எங்க படுத்தீங்கன்னு கேக்கல. ஃபுட் பாய்சன்னு ஊசி போட்டு அனுப்பிட்டேன். மறுநாள் விடியக்காலம் அவங்கள தூக்கிட்டு வந்தாங்க, பொண்ணு பொழைச்சுது, அம்மா பொழைக்கல. சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போய் பாத்தேன், ஓட்டு இடுக்குல பழைய சேலையக் கிழிச்சு அடைச்சிருந்தாங்க, ஜன்னலுக்கு உரச் சாக்கு, மூலைல சட்டி, அதுல கவாத்து விறகு சாம்பல் அப்பவும் கொஞ்சம் வெதுவெதுன்னு இருந்துச்சு. கடைசிப் பொட்டு கங்கு ஆறி சாம்பலாகற வரைக்கும் விஷம் வந்துட்டேதான் இருக்கும், அதத்தான் சொல்ல வர்றேன். அன்னைல இருந்து குளிர்காலத்துல யாரு தலைவலின்னு வந்தாலும் என் முதல் கேள்வி எங்க படுத்தீங்க, உள்ள என்ன எரிஞ்சுதுங்கறதுதான்.

அதனால ஞாபகம் வச்சுக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு. ஒரே அறைல படுத்த ரெண்டு பேருக்கோ அதுக்கு மேலயோ காய்ச்சல் இல்லாம தலைவலியோ வாந்தியோ மயக்கமோ வந்தா, படுத்துத் தூங்கினா சரியாயிடும்னு திரும்ப படுக்கக் கூடாது. எல்லாரையும் வெளிய கொண்டு வாங்க, 108க்கு போன் போடுங்க, ஆஸ்பத்திரில "உள்ள கங்கு வச்சு படுத்தோம்"னு நீங்களா வாய் திறந்து சொல்லுங்க, ஏன்னா என்ன மாதிரி கேக்காம விடற டாக்டரும் இருப்பாங்க. மாஸ்க் வச்சு முழு ஆக்சிஜன் குடுத்தா ஒண்ணு ஒண்ணரை மணி நேரத்துல பாதி இறங்கிடும். மாசமா இருக்கறவங்களுக்கு தலைவலி போயிட்டாலும் ஆஸ்பத்திரி போயே ஆகணும், வயித்துல இருக்கற குழந்தையோட ரத்தத்துல இருந்து அது தாய விட மெதுவாத்தான் இறங்கும்.

மீதி எழுதினதுல பாதிக்கு பயப்படவே வேணாம். பையன் கன்னம் வெடிச்சு செவக்கறது பனிக்காத்துதான், தேங்காயெண்ணெய் போதும். கால் விரல் வீங்கி அரிக்கறதும் குளிராலதான், ஆனா நெருப்புல நேரா காட்டாதீங்க, ஈர சாக்ஸ மாத்திட்டு மெதுவா சூடு பண்ணுங்க. மாமியாருக்கு ஒரு மாசமா இருமல்னா சளி டெஸ்ட் எடுத்துடுங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல காசு கெடையாது.

கணப்பு வேணாம்னா குளிருக்கு என்ன பண்றதுன்னு போன்ல கேட்டீங்க. நியாயமான கேள்வி. வீட்டுக்குள்ள 18 டிகிரியாவது இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2018ல சொல்லுச்சு, தகரக் கூரை லயன்ல ஜனவரி ராத்திரி அதுல பாதி இருந்தாலே பெருசு. கரண்ட் ஹீட்டர் வாங்குங்கன்னு நான் சொல்ல மாட்டேன், வாங்கற மாதிரி இருந்தா நீங்க தணல் அள்ளியிருக்க மாட்டீங்க. நான் சொல்றது இதுதான், குளிர் பாதி தரைல இருந்து ஏறுது, பாய்க்கு அடில அட்டைப்பெட்டிய பிரிச்சுப் போட்டு மேல சாக்கு விரிங்க. மழைல நனைஞ்ச துணியோட உக்காராதீங்க, தலைக்கு குல்லா, எல்லாரும் ஒட்டிப் படுங்க, தூங்கப் போறப்ப வெந்நீர மூடி இறுக்கின பாட்டில்ல ஊத்தி துணி சுத்தி கால்மாட்டுல வைங்க. குளிர் காயணும்னா வாசல்ல காயுங்க. அடுப்பும் படுக்கையும் ஒரே அறைன்னா சமைச்சு முடிச்சதும் கங்க வெளிய அள்ளி தண்ணி ஊத்தி அணைச்சுட்டு படுங்க.

இதெல்லாம் ஒப்பேத்தறதுதான்னு எனக்கும் தெரியும். ஒழுகாத கூரையும் புகை போக்கியும் உங்க சம்பளத்துல நீங்களா போட்டுக்க வேண்டிய விஷயம் இல்ல. 1951ல வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்துலயே வீடு நிர்வாகத்தோட பொறுப்புன்னு இருந்துச்சு, குளிருக்கும் மழைக்கும் கம்பளி, ரெயின்கோட் குடுக்கணும்னு அரசு விதி போடலாம்னும் அதுல எழுதியிருந்துச்சு. அதனால ஆஸ்பத்திரிக்கு போறப்ப சீட்டுல வெறும் தலைவலின்னு எழுத விடாதீங்க. அறைக்குள்ள கரி எரிச்சதால வந்த விஷவாயு பாதிப்புன்னு தெளிவா எழுதித் தரச் சொல்லுங்க, ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கங்க, யூனியன் ஆளுங்களையும் கூட்டிட்டுப் போய் அந்த சீட்ட வச்சு கூரையக் கேளுங்க.