ஸ்கேல் 2 நேர்காணல்: உங்கள் கிளையிலிருந்தே தொடங்குங்கள்

வங்கியில் ஸ்கேல் 2 (மேலாளர் நிலை) பதவி உயர்வு நேர்காணலுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது, போன முறை கிளையைப் பற்றிக் கேட்டதும் வாயடைத்துப் போனது என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, அங்கிருந்தே தொடங்குங்கள். உங்கள் கிளையின் டெபாசிட், கடன், காசா விகிதம் (மொத்த டெபாசிட்டில் நடப்பு, சேமிப்புக் கணக்குகளின் பங்கு), வாராக்கடன் எல்லாவற்றையும் மார்ச் கடைசி நிலவரப்படி ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எண்ணைச் சொன்னதும் ‘ஏன் குறைந்தது?’ என்பார்கள். நான் வழுக்கியது அங்கேதான். நீங்களே வசூலித்த ஒரு கடனின் கதையைத் தொகையோடு தயாராக வைத்திருங்கள். 90 நாளுக்கு மேல் நிலுவையில் இருந்தால் வாராக்கடன் என்ற விதி, விவசாயம், சிறுதொழில் போன்ற முன்னுரிமைத் துறைக்கு வங்கிக் கடனில் 40 சதவீதம், அடமானச் சொத்தைக் கைப்பற்ற வழிசெய்யும் சர்ஃபாசி சட்டத்தின் 60 நாள் நோட்டீஸ் இதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். தெரியாவிட்டால் ‘தெரியவில்லை சார்’ என்று சொல்லிவிடுங்கள். மழுப்பினால் இன்னும் குடைவார்கள். அப்புறம், வீட்டில் யாரையாவது எதிரே உட்காரவைத்து வாய்விட்டுப் பேசிப் பாருங்கள்.