பொஸ்ரனா, மினியாபொலிஸா?

கேள்வி: என் மூத்த மகன் பொஸ்ரனில், இளையவன் மினியாபொலிஸில். கதைக்கத் தொடங்கினாலே சண்டை, கல்லூரி ஐஸ் ஹொக்கிக்கு எந்த ஊர் கூட ஆதரவு என்று. நீங்களே சொல்லுங்கள்.
– வாசகி, கொக்குவில்

பதில்: சகோதரி, மூத்தவர் பக்கம் பலமாகத்தான் இருக்கிறது. பொஸ்ரன் பகுதியின் நான்கு பல்கலைக்கழகங்கள் மோதும் பீன்பொட் போட்டி 1952 இல் தொடங்கியது. 1978 பெப்ரவரியில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பனிப்புயல் ஊரை மூடிவிட்டது. கடைசிவரை எழும்பாமல் இருந்து பார்த்த பலர் வீடு போக வழியில்லாமல் அரங்கிலேயே படுத்தெழும்பினார்கள்.

இளையவரின் மினசோட்டாவும் லேசுப்பட்டதில்லை. 1980 ஒலிம்பிக்கில் சோவியத் அணியை 4–3 என்று வென்ற அமெரிக்க அணியின் 20 பேரில் 12 பேர் அந்த மாநிலத்துப் பிள்ளைகள். ஆனால் அது வீரர்களை வளர்த்த கணக்கு, ஆதரவுக் கணக்கு வேறு.

என்னைக் கேட்டால், வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் என்பேன். சனத்தொகை 60,000 வராது. பல்கலைக்கழக அணிக்கு 2001 இல் திறந்த அரங்கிலோ 11,000க்கு மேல் இருக்கைகள்! ஊரில் ஐந்து பேருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழில்முறை ஹொக்கி அணி என்று பொஸ்ரனுக்கு புரூயின்ஸ் இருக்கிறது, மினசோட்டாவுக்கு வைல்ட் இருக்கிறது. அந்தச் சின்ன ஊருக்கு மாணவர் அணிதான் எல்லாம். அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், படிக்காதவர் எல்லோரும் வந்தால்தான் அந்த இருக்கைகள் நிரம்பும்.

இதை நான் எங்கள் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மைதானத்தில் கண்டிருக்கிறேன். மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸும் 1904 முதல் மோதும் கிரிக்கெட் ஆட்டத்துக்கு, மார்ச் வெயிலில், அப்பா என்னைச் சைக்கிள் பாரில் இருத்தி மானிப்பாயிலிருந்து கூட்டிவருவார். அவர் இரண்டு கல்லூரியிலும் படித்தவரில்லை. கறுப்புக் குடையை என் பக்கம் சரித்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு ஓவரையும் என் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுவார். எந்தப் பக்கத்துப் பொடியன் நான்கு அடித்தாலும் கை தட்டுவார். ஓர் ஊரின் ஆதரவை நான் அப்பாவைப் போன்றவர்களை வைத்துத்தான் அளப்பேன்.

அடுத்தமுறை மகன்மார் எடுத்தால் இதைக் கேட்டுப் பாருங்கள்: கடைசியாகப் பார்த்த ஆட்டத்தில் பக்கத்து இருக்கையில் இருந்தவர் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவரா, இல்லை சும்மா ஊர்க்காரரா?