மகனின் முன்பல்லில் மண்ணிறக் கோடு: கிளீன் பண்ணலாமா?

நெடுங்கேணிப் பக்கமிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "ஒன்பது வயது மகனின் மேல் முன்பற்களில் வெள்ளைக் கோடும் மண்ணிறக் கறையும். இரண்டு நேரமும் தீட்டுகிறான். சூத்தையா? ரவுனில் ஒருவர் ஐந்து நிமிடத்தில் கிளீன் பண்ணித் தருகிறாராம். செய்விக்கவா? இரண்டு வயது மகளும் இருக்கிறாள்."

தங்கச்சி, முதலில் பிள்ளையைப் பேசுவதை நிறுத்துங்கள். வெளிச்சம் விழும் வாசலில் அவனை நிறுத்தி, மேலுதட்டைத் தூக்கி, துணியால் பல்லை ஒற்றிவிட்டுப் பாருங்கள். வலப்பக்கப் பல்லில் கோடு ஓடும் உயரத்திலேயே இடப்பக்கப் பல்லிலும் ஓடுகிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் அது சூத்தை இல்லை, உங்கள் கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் புளோரைட் என்ற உப்பு. வன்னியில் பாறைக்குள்ளால் வரும் தண்ணீரில், முக்கியமாகக் குழாய்க் கிணறுகளில், பல இடங்களில் இது அதிகம். லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நிலையான முன்பல் முரசுக்குள் உருவாவது நாலைந்து வயதுக்குள். வெளியே வருவது ஏழெட்டில். நீங்கள் இப்போது காண்பது, பால்மா கரைத்துக் கொடுத்த காலத்துத் தண்ணீரை.

ஒரேயொரு பல்லில் மட்டும் கறை என்றால் கதை வேறு. பால்பல்லில் அடிபட்டாலோ, அது சூத்தையாகிச் சீழ் கட்டினாலோ, அடியில் வளரும் பல்லுக்கும் சேதம் வரும். "இவன் விழவேயில்லை" என்று தாய்மார் சொல்வார்கள். அம்மம்மாவைக் கேளுங்கள், எந்தப் படியில் விழுந்தான் என்பதுவரை சொல்வார். அதற்காகக் கிணற்றை மாற்றவேண்டியதில்லை.

கிளீன்காரரிடம் போகவே வேண்டாம். இந்தக் கறை பல்லின் மேலே ஒட்டியதல்ல, உள்ளே ஊறியது. சுரண்டினால் போகாது. இப்படிப்பட்டவர்கள் அசிட் தடவுவார்கள். ஒரு கிழமை வெள்ளையாக இருக்கும். பிறகு பல் சொரசொரத்துக் கறை கூடப் பிடிக்கும், ஐஸ்பழம் கடித்தால் கூசும். இலங்கை மருத்துவச் சபையில் பதிவு உண்டா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார். எலுமிச்சையும் உப்பும் தேய்ப்பதும் அதே வேலைதான். ஆஸ்பத்திரிப் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். விடியவே போய் நம்பர் எடுத்து மத்தியானம்வரை இருக்கவேண்டி வரலாம், ஆனால் காசில்லை. கறையை மங்கச் செய்யவும் பல்நிறப் பூச்சால் மறைக்கவும் வழி உண்டு. அவசரமில்லை.

எனக்கு அவசரம் மகள்தான். அவளுடைய நிலையான பற்கள் இப்போதுதான் உள்ளே உருவாகின்றன. கேத்தலில் கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் வற்றும், புளோரைட் வற்றாது. குடிக்கவும் சோறு கஞ்சி காய்ச்சவும் சுத்தமாகப் பிடித்த மழைநீர் அல்லது ஆர்.ஓ. மெஷினில் உப்பு நீக்கிய தண்ணீர் எடுங்கள். வீட்டுக்கு பில்டர் விற்க வருபவர் இரண்டு கம்பியைத் தண்ணீருக்குள் விட்டு, கரண்ட் கொடுத்து, சேறாக்கிக் காட்டுவார். அது கம்பியிலிருந்து கரைந்த இரும்பு, தங்கச்சி! அவருடைய மீற்றர் காட்டும் இலக்கமும் கரைந்த எல்லா உப்பும் சேர்ந்ததுதான், புளோரைட்டின் அளவல்ல. பி.எச்.ஐ.யை, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகரை, பிடித்துத் தண்ணீரைச் சோதிக்கக் கேளுங்கள், விடாமல் கேளுங்கள். கிணறு அடித்துக் கொடுக்கிறவர்கள் ரிபன் வெட்டிப் படம் எடுக்கிறார்கள். சோதனைத் தாளை மட்டும் வீட்டுக்காரர் கையில் கொடுக்க ஒருவருக்கும் நேரமில்லை.

பேஸ்டிலும் புளோரைட் உண்டென்று அதை நிறுத்தவேண்டாம். மகளுக்கு அரிசிமணி அளவு, மகனுக்குப் பட்டாணி அளவு, விழுங்காமல் துப்பவேண்டும். மகளுக்குப் பிளேன்ரீயும் வேண்டாம், தேயிலையிலும் புளோரைட் உண்டு. அம்மம்மா கரண்டியால் பருக்கினாலும்தான்.