பழைய வண்டி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அப்பா வைத்திருந்த அம்பாசிடர் மார்க் 2 மூன்று வருடமாக ஷெட்டிலேயே நின்றுவிட்டது. இப்போது கிளட்ச் மிதித்தால் பெடல் இறங்க மறுக்கிறது. ஸ்லேவ் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தை ஆயில் வழியாக வாங்கி கிளட்ச்சைத் தள்ளும் சிறு உருளை) பிஸ்டன் ஜாம் என்கிறார் மெக்கானிக். வண்டியில் இருந்தபடியே சுத்தியலால் தட்டிப் பார்த்தார், அசையவில்லை. சிலிண்டரைத் தூக்கிப் போட்டுவிடலாமா?
– வாசகர், திசையன்விளை

பதில்: போடவேண்டாம். ஆனால் தட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். சிலிண்டர் வாயின் விளிம்பு கொஞ்சம் நசுங்கினாலும் பிஸ்டன் வெளியே வரும் வழி அடைபட்டுவிடும்.

கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை. ஏர் எடுக்கும் நிப்பிளை அரைச் சுற்று திறந்து, ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லுங்கள். ஆயில் பீய்ச்சி அடித்தால் லைன் சரி, பிஸ்டன்தான் பிடித்திருக்கிறது. ஆயில் வராமல் பெடல் அப்படியே நின்றால் ரப்பர் ஹோஸ் உள்ளே ஊறி அடைத்திருக்கலாம். ஹோஸ் அடைப்பை பிஸ்டன் ஜாம் என்று நினைத்து நல்ல சிலிண்டரை உடைப்பது பட்டறைகளில் அடிக்கடி நடக்கிறது. நிப்பிளுக்கு ரிங் ஸ்பேனர்தான் போடவேண்டும். ஓப்பன் ஸ்பேனர் முனையை மழுக்கிவிடும்.

பிஸ்டன்தான் என்று உறுதியானால் சிலிண்டரைக் கழற்றி, புஷ் ராட், டஸ்ட் கவர், லாக் வளையம் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். வாய் மேலே பார்க்க வைஸில் நிறுத்தி, ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஆயில்) அசிட்டோனும் சம அளவு குலுக்கிக் கலந்து ஊற்றி இரண்டு நாள் ஊறவிடுங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது.

அடுத்தது சூடு காட்டுவது. இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். சிலிண்டரின் உடலில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் வார்ப்பிரும்பு. உள்ளே பிஸ்டன் அலுமினியமாக இருந்தால், சூட்டில் அது இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சூடாக்க ஆக்க இன்னும் இறுகும். அப்படிப்பட்ட சிலிண்டரைத் துடைத்து, பாலித்தீனில் சுற்றி, ஃப்ரீசரில் ஒரு இரவு வைப்பதுதான் சரி. பிஸ்டன் சுருங்கி, துருவின் பிடி தளரும். உடல் அலுமினியம், பிஸ்டன் இரும்பு என்றால் நேர்மாறு: அசிட்டோனை நன்றாகக் கழுவி உலர்த்திய பிறகு, கொதிக்கும் வெந்நீரில் பத்து நிமிடம் போடுங்கள். கேஸ் டார்ச் எதற்கும் வேண்டாம்.

பிறகு கிரீஸ் கன். நம்ம பக்கத்தில் டிராக்டர் வைத்திருப்பவர் எல்லாரிடமும் இருக்கும். ஹோஸ் மாட்டும் துளையின் மரைக்குப் பொருந்த ஒரு சின்ன அடாப்டரை லேத்தில் கடைந்து, அதில் கிரீஸ் நிப்பிள் வைக்கச் சொல்லுங்கள். சிலிண்டருக்குள் பிரேக் ஆயிலை (கிளட்ச் லைனிலும் ஓடுவது இதுதான்) நிரப்பி, காற்று துளியும் இல்லாமல் ஏர் நிப்பிளை மூடிவிட்டு மெதுவாக அடியுங்கள். கையால் அடிக்கும் கன்னே பல ஆயிரம் பிஎஸ்ஐ அழுத்தம் கொடுக்கும். திரவம் அமுங்காது என்பதால் பிஸ்டன் அங்குலம் அங்குலமாக வரும். கம்ப்ரெஸர் காற்றை மட்டும் விடாதீர்கள். அடைபட்டிருந்த காற்று ஒரே நேரத்தில் விரிந்து பிஸ்டனைத் துப்பாக்கிக் குண்டுபோல் வீசும், விரல் போய்விடும்.

வெளியே வந்ததும் கிரீஸை முழுக்கத் துடைத்து, ஸ்பிரிட்டால் கழுவி, உள்சுவரை விளக்கில் பாருங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் அடிப்பக்கம் தங்கித் துருவாகும். உவரிப் பக்கத்து உப்புக் காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். லேசான கறை என்றால் 600 நம்பர் எமரியை வட்டமாகச் சுற்றி எடுக்கலாம். ரப்பர் கப் (பிஸ்டனில் ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர்) ஓடும் இடத்தில் நகத்தில் தட்டுப்படும் குழி இருந்தால் உள்ளே ஸ்லீவ் (மெல்லிய உலோகக் குழாய்) போடவேண்டும், இல்லையென்றால் புதுசு வாங்குங்கள். பழைய ரப்பரை எக்காரணத்தாலும் திரும்பப் போடாதீர்கள். புதுக் கப்பின் உதடு ஆயில் பக்கம் பார்க்கட்டும். ஹோஸையும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பிஸ்டன் நன்றாக வருகிறது, கிளட்ச்சைத் தள்ளும் ஃபோர்க்கும் அசைகிறது. ஆனாலும் கியர் விழவில்லை.
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு (எஞ்சின் பின்னால் சுழலும் கனச் சக்கரம்) துருவில் ஒட்டியிருக்கும். எஞ்சினை 20 நிமிடம் நியூட்ரலில் ஓடவிட்டு நிறுத்தி, பெடலை மிதித்த நிலையில் சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு ரீப்பர் கட்டையைக் கொடுத்து இரவு முழுக்க விடுங்கள். பலதும் இதிலேயே விட்டுவிடும். விடாவிட்டால் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, டாப் கியரில் கிளட்ச்சும் பிரேக்கும் அழுத்தியபடி ஸ்டார்ட்டரை ஓரிரு நொடி மட்டும் அடியுங்கள். மூன்று தடவைக்கு மேல் வேண்டாம், ஸ்டார்ட்டர் கருகும். அதற்கும் அசையாவிட்டால் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும்.

கேள்வி: அவசரத்துக்கு கிளட்ச் ஆயில் டப்பாவில் எஞ்சின் ஆயில் ஊற்றலாமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: கூடவே கூடாது. ரப்பர் ஊதிப்போய் பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டர், கிளட்ச் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டர் இரண்டுமே பிடித்துக்கொள்ளும். டாட் 3 (DOT 3) என்ற தர எண் போட்ட பிரேக் ஆயில் மட்டும், அதுவும் சீல் உடைக்காத டப்பாவிலிருந்து. ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்கள் என்றால் லைன் முழுவதையும் ஸ்பிரிட்டால் கழுவி, எல்லா ரப்பரையும் மாற்றுங்கள்.