24 சதவீதமா, இரண்டும் நான்குமா?

கேள்வி: நீரிழிவினால் என் தந்தையாரின் வலது கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டு, செயற்கைக் கால் பொருத்தப்பட்டுள்ளது. அவருடைய சிகிச்சை அட்டையில் 'டி450.24', 'டி510.31' என எழுதியிருக்கிறார்கள். 24 சதவீதம்தான் ஊனம் என்று அயலவர்கள் சொல்கிறார்கள். அப்படியாயின் அவருக்குரிய கொடுப்பனவு கிடைக்காமற் போய்விடுமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: புள்ளிக்குப் பின்னால் இருப்பவை இரண்டு தனி எண்கள், இருபத்துநான்கு என்று வாசிக்காமல் இரண்டு, நான்கு என்று வாசியுங்கள். தொழிற்பாடு, இயலாமை, சுகாதாரம் ஆகியவற்றுக்கென உலக சுகாதார நிறுவனம் 2001ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட சர்வதேச வகைப்பாட்டின் குறியீடுகளே இவை. நோய்களுக்குப் பெயரிடும் வகைப்பாடு வேறு. நோயோடு வாழ்பவர் அன்றாடம் எதைச் செய்கிறார், எது அவரைத் தடுக்கிறது என்பதை எழுதுவதற்கே இது. 'டி450' நடத்தல், 'டி510' உடம்பு கழுவுதல். சிரமமே இல்லையென்றால் 0, அறவே இயலாதென்றால் 4.

முதல் எண், தந்தையார் தாம் வாழும் இடத்தில், கையிலுள்ள உதவிகளோடு, உள்ளபடி எவ்வாறு செய்கிறார் என்பதற்கு. இரண்டாவது, உதவியோ சாதனமோ இல்லாமல், சீரான ஓரிடத்தில் அவரால் எவ்வளவு இயலும் என்பதற்கு. ஆகவே 'டி450.24' நல்ல செய்திதான்: செயற்கைக் காலைக் கழற்றினால் நடக்கவே இயலாதவர், அதைப் போட்டுக்கொண்டு நடுத்தரச் சிரமத்தோடு நடக்கிறார்.

கவனிக்க வேண்டியது மற்றதையே, அதாவது 'டி510.31'ஐ: உள்ளபடி குளிப்பதில் கடும் சிரமம் (3), உடம்பால் இயலும் அளவில் சிறு சிரமமே (1). குளிப்பதற்கு உடம்பு பெருமளவு இடங்கொடுக்கிறது, வீடுதான் விடவில்லை. எங்கள் கிணற்றடிகளை நினைத்துப் பாருங்கள்: பாசி பிடித்த சீமெந்துத் தரை, ஏறி இறங்க ஒரு கட்டு, பிடிக்க எதுவுமில்லை. செயற்கைக் காலை நனைக்காமலிருக்கக் கழற்றி வைத்துவிட்டு, ஒற்றைக் காலில் நின்று வாளியால் அள்ளி ஊற்றுபவருக்கு இன்னும் ஆறு மாதம் தசைப் பயிற்சி கொடுத்து என்ன பயன்? இருந்து குளிக்க நழுவாத ஓர் இருக்கை, சுவரில் ஒரு கைபிடி, சொரசொரப்பான தரை ஆகியவை அந்த 3ஐக் கீழே இறக்கும்.

இவ்வகைப்பாட்டில் சூழலுக்கென்றே 'இ' வரிசை இருக்கிறது. உதவுவதைக் கூட்டல் குறியாலும் தடுப்பதைப் புள்ளியாலும் காட்டுவார்கள். செயற்கைக் கால் 'இ115+3' எனவும், வீட்டின் அமைப்பு 'இ155.3' எனவும் வரலாம். அந்த வரிசை இல்லாத அட்டையை நான் பாதி அட்டை என்றே சொல்வேன். விளக்கம் சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்ததும் சரியன்று. குறியிடப்படுபவருக்கு நோக்கத்தை விளக்கி, அவரையும் பங்குகொள்ளச் செய்ய வேண்டும் என்பது இவ்வகைப்பாட்டின் ஒழுக்க நெறிகளிலேயே உள்ளது.

கொடுப்பனவைப் பற்றி: ஒவ்வோர் எண்ணும் ஒரு செயலுக்கு மட்டுமே உரியது, எல்லாவற்றையும் கூட்டி ஊனச் சதவீதம் எடுக்கும் முறை இதில் இல்லை. விண்ணப்பத்தைப் பற்றிப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அடுத்த சிகிச்சை நாளில் கிணற்றடியைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துச் சென்று இயன்மருத்துவரிடம் காட்டுங்கள். கட்டின் உயரத்தையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.