இந்தியாவில் பிறந்தவருக்கு அடையாள அட்டை: பத்திரத்தைத் தரகர் கையில் விடாதீர்கள்

கேள்வி: நிலாவெளியில் எங்கள் பக்கத்து வளவில் ஒரு அக்கா தனியாக இருக்கிறார். 1991இல் தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் பிறந்தவர். தாய், தகப்பன் இருவரும் திருகோணமலை ஆட்கள். தாயோடு திரும்பி வந்தார். இப்போது தாயும் இல்லை. இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் இயங்காது. அடையாள அட்டை இல்லாததால் எந்த உதவிப்பணமும் கிடைப்பதில்லை. 75,000 ரூபா தந்தால் குடியுரிமை எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்லி, அவருடைய இந்தியப் பிறப்புச் சான்றிதழையும் வாங்கிப் போய்விட்டார். நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தச் சான்றிதழைத் திருப்பி வாங்குங்கள். மற்ற வேலையெல்லாம் அப்புறம். இழுத்தடித்தால் பொலிஸில் முறைப்பாடு போட்டு, அதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். முகாமில் இன்னும் உறவினர் இருந்தால், பிறப்பைப் பதிந்த இடத்தில் இன்னொரு பிரதி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இனி யார் கேட்டாலும் போட்டோக்கொப்பி மட்டும்தான்.

குடியுரிமை விலைக்கு வாங்கும் பொருளல்ல. பெற்றோர் இலங்கையர் என்பதால் அந்த அக்காவுக்கு அது வம்சாவளியாக வரும் உரிமை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருடத்துக்குள் பதிந்திருக்க வேண்டும். முகாமில் இருந்த பலர் பதியவில்லை. தாமதத்துக்குக் காரணம் காட்டிப் பின்னரும் பதியலாம். தாமதக் கட்டணம் கேட்டால் அதை அரச கவுண்டரில் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். இது பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் குடியுரிமைப் பிரிவு வேலை. அங்கு கிடைக்கும் பத்திரத்தை வைத்துத்தான் அடையாள அட்டைக்குப் போக வேண்டும்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. "அந்த அலைச்சல் எதற்கு, திருகோணமலையில் பிறந்ததாகவே ஒரு பத்திரம் எடுப்போம்" என்பார்கள். கூடவே ஒரு சத்தியக்கடதாசியை நீட்டுவார்கள். கையெழுத்து வைக்கவே கூடாது. பொய்ச் சத்தியம் குற்றம். முகாம் பதிவுகளில் பிறந்த இடம் மண்டபம் என்றுதான் இருக்கும். என்றைக்கோ ஒருநாள் இரண்டும் ஒன்றோடொன்று மோதும்போது, இருந்த உண்மையான உரிமையும் சிக்கலாகிவிடும். தரகர் அன்றைக்குப் போனையும் எடுக்கமாட்டார்.

தாய் தகப்பனின் பிறப்பு, விவாகப் பத்திரங்களைப் பிரதேச செயலகப் பதிவாளர் கிளையில் தேடுங்கள். திரும்பி வந்தபோது கொடுத்த பயணப் பத்திரம், அகதிகள் அமைப்பின் கடிதம், இந்திய முகாம் அட்டை எதையும் எறிய வேண்டாம். பழைய சூட்கேசுக்குள் தாயின் பெயரோடு ஒரு கூப்பன் புத்தகம் கிடைத்தாலும் எடுத்து வையுங்கள்.

ஒன்றை மட்டும் நன்றாக விசாரியுங்கள். பெற்றோர் உண்மையில் எந்த ஊர்? மலையகத் தோட்டங்களிலிருந்து கலவரங்களுக்குப் பயந்து கீழே வந்து கன்னியா பக்கம் குடியேறிய குடும்பமா? அப்படியென்றால் வழி வேறு. 1964 ஒக்டோபர் 30இலிருந்து இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் சந்ததிக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை கொடுக்கிறது. அகதியாக இந்தியா போனவர்களுக்காக 2009இல் அதில் திருத்தமும் வந்தது. பாட்டன் பாட்டி தோட்டத்தில் வேலை செய்ததற்கு ஏதாவது தாள் இருந்தால், அதுவே பெரிய சாட்சி. இதைத் தெரியாமல் தவறான படிவத்தை நிரப்பி, வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

கால் இயங்காத ஒருவரைத் திருகோணமலையிலிருந்து கொழும்புப் பக்கம் இராப் பேருந்தில் அனுப்பி, "ஒரு கொப்பி குறைகிறது, அடுத்த கிழமை வாருங்கள்" என்று திருப்பி அனுப்புவது கொடுமை. நாட்டுக்குள் அழைத்து வந்தவர்களைப் பதிந்துகொள்ள ஓர் அரசுக்கு இவ்வளவு காலம் எதற்கு? ஆகவே நடமாடும் சேவை எப்போது வரும் என்று கேட்டு, பிரதேச செயலாளருக்குத் தமிழிலேயே கடிதம் எழுதுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். திருகோணமலையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு நிலையத்தில் வறியவர்களுக்கு இலவசமாக உதவுவார்கள். தரகருக்குக் கொடுக்க நினைத்த காசு அக்காவின் சாப்பாட்டுக்கு ஆகும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். கிளினிக்கில் காட்டி, கால் நிலைமை பற்றி வைத்தியரின் எழுத்து மூலச் சான்று வாங்குங்கள். சமூக சேவை உத்தியோகத்தரை வீட்டுக்கே வரச் சொல்லி, பெயரைப் பதியச் செய்யுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு 2025இல் 10,000 ரூபாவாக உயர்ந்தது. அதற்கு அடையாள அட்டை இலக்கம் கேட்பார்கள். ஆனாலும் வைத்தியச் சான்றும் கிராம உத்தியோகத்தரின் வதிவிடக் கடிதமும் தயாராக இருந்தால், அட்டை வந்த அன்றே விண்ணப்பிக்கலாம்.